பட்டியலை யார் யார் திறக்கலாம்?

கடந்த வருடம் முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு கிராமத்தில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் விபரம் திரட்டிக்கொண்டிருந்த தொண்டு நிறுவனம் ஒன்றின் பணியாளர்களோடு ஒரு பகல் முழுவதும் இருந்தேன். சனசமூக நிலையத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. தாய்மார் ஒவ்வொருவராக வந்து, பொலித்தீன் பையிலிருந்து மகனின் படத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் பழைய முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டுகளையும் எடுத்துக் கொடுத்தார்கள். இளைஞர் ஒருவர் அவற்றை மடிக்கணினியில் பதிந்துகொண்டிருந்தார்.

அதில் ஒரு அம்மா, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்குக் கொடுத்தவர். பரணகம ஆணைக்குழுவுக்கும் கொடுத்தவர். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் கொடுத்தவர். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்து எழும்பும்போதுதான் கேட்டார்: “இதை இனி ஆரார் பாப்பினம் பிள்ளை?”

இளைஞரிடம் பதில் இருக்கவில்லை. பிறகு நான் விசாரித்தபோது ஏன் இருக்கவில்லை என்பது விளங்கியது. அந்த நிறுவனத்தில் 11 பேர் ஒரே கணக்கையும் ஒரே கடவுச்சொல்லையும் பயன்படுத்தினார்கள். கடவுச்சொல் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. வேலையை விட்டுப் போனவர்களுக்கும் அது தெரியும். கோப்பின் இணைப்பு வட்ஸ்அப் குழு ஒன்றிலும் பகிரப்பட்டிருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வேலை விரைவாக நடக்க வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். ஆனால், அந்த அம்மாவின் கேள்விக்கான உண்மையான பதில் ‘யாரும் பார்க்கலாம், யார் பார்த்தார் என்பது எங்களுக்கும் தெரியாது’ என்பதுதான்.

மென்பொருள்களில் ‘அணுகல் அனுமதி’ எனப்படும் விடயத்தைக் கணினித் துறையினரின் வேலை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். நாடு டிஜிட்டல் அடையாள அட்டையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அப்படி ஒதுக்கிவிட முடியாது. பட்டியல்களால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு, ஒரு பட்டியலை யார் திறக்கலாம் என்பது அரசியல் கேள்வி.

பட்டியலும் நாமும்

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளையும் கடைகளையும் தேடிவந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன என்பது பரவலாகப் பதிவாகியுள்ளது. அந்த இடாப்பு தேர்தலுக்காகத் தயாரிக்கப்பட்டது. அதில் பொய் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. பெயர், வீட்டிலக்கம், வீதி ஆகியவைதான் இருந்தன. அவ்வளவும் வேறொரு நோக்கத்துக்காக வேறொருவரின் கைக்குப் போனபோது என்ன நடந்தது என்பதை அந்தத் தலைமுறை அறியும்.

அதன்பின் வந்த காலத்தில் பதியப்படுவது நமக்குப் பழகிப்போனது. கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடியில் பதிவு, வன்னியிலிருந்து வெளியே வரப் பாஸ், 2009இல் மெனிக் பாம் முகாமில் குடும்பமாகப் பதிவு, மீள்குடியேறிய பின் வீட்டுக்கு வந்த இராணுவத்தினரின் படிவங்கள். ஒவ்வொரு முறையும் கேள்விகளுக்குப் பதில் சொன்னோம். அந்தப் பதில்கள் எங்கே போயின, யாரிடம் இருக்கின்றன, எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்கும் நிலையில் நாம் இருக்கவில்லை.

காகிதத்துக்கு ஓர் எல்லை இருந்தது. ஓர் அலுமாரியில் இருந்த கோப்பைப் பார்க்க அந்த அறைக்குப் போகவேண்டும், பிரதி எடுக்க நேரம் வேண்டும். கணினியில் அந்த எல்லை தானாக இருப்பதில்லை. யாராவது திட்டமிட்டுப் போட்டால் மட்டுமே இருக்கும்.

அனுமதி என்றால் என்ன?

ஒரு மென்பொருளுக்குள் கடவுச்சொல் கொடுத்து நுழைவது முதற்படி மட்டுமே. நுழைந்தவர் யார் என்பதை அது சொல்கிறது. நுழைந்தவர் என்னென்ன செய்யலாம் என்பது இரண்டாவது கேள்வி. பல நிறுவனங்கள் முதற் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. உள்ளே வந்தவர் எல்லாம் நம்மவர்தான் என்ற எண்ணம்.

இரண்டாவது கேள்விக்கான அடிப்படை விதி பழையது. 1975இல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரு அமெரிக்கக் கணினி ஆய்வாளர்கள் அதை எழுதிவைத்தார்கள்: எவருக்கும் அவருடைய வேலைக்குத் தேவையான ஆகக் குறைந்த அதிகாரம் மட்டுமே கொடுக்கப்பட வேண்டும். 1992இல் டேவிட் பெராயோலோ, ரிச்சர்ட் குன் ஆகியோர் பதவி அல்லது பொறுப்பின் அடிப்படையில் அனுமதி வழங்கும் முறையை ஒழுங்காக வரையறுத்தார்கள். ஆளுக்கு ஆள் அனுமதி கொடுக்காமல், ‘தரவுப் பதிவாளர்’, ‘சட்டத்தரணி’, ‘கணக்காளர்’ என்று பொறுப்புகளுக்கு அனுமதி கொடுத்து, ஆட்களை அந்தப் பொறுப்புகளில் சேர்ப்பதே அந்த முறை. ஒருவர் இடமாற்றம் பெற்றால் பொறுப்பிலிருந்து நீக்கினால் போதும், அனுமதிகளும் போய்விடும்.

ஆனால், பொறுப்பு மட்டும் போதாது. முல்லைத்தீவு அம்மாவின் கோப்பையே எடுத்துக்கொள்வோம். அதில் அவருடைய பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், மகனின் விபரம், கடைசியாகக் கண்ட இடம், அழைத்துச் சென்றவர்களைப் பற்றி அவர் சொன்ன சாட்சியம், வங்கிக் கணக்கிலக்கம் எல்லாம் இருக்கின்றன. வாழ்வாதார உதவிக் கொடுப்பனவு செய்யும் கணக்காளருக்குப் பெயரும் வங்கிக் கணக்கும் போதும். சாட்சியம் அவருக்கு எதற்கு? சாட்சியத்தை ஆராயும் சட்டத்தரணிக்கு வங்கி இலக்கம் எதற்கு? கிளிநொச்சியில் வேலைசெய்யும் கள உத்தியோகத்தர் மன்னார்க் குடும்பங்களின் கோப்புகளைத் திறக்க என்ன காரணம்? நிதி வழங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு எத்தனை குடும்பங்கள் என்ற எண்ணிக்கை தேவை, பெயர்கள் தேவையில்லை.

நுணுக்கமான அனுமதி என்பது இதுதான். எந்தக் கோப்பு, கோப்பில் எந்தப் பகுதி, பார்க்க மட்டுமா திருத்தவும் முடியுமா, அழிக்கலாமா, மொத்தமாகத் தரவிறக்கலாமா, எந்த மாவட்டம், எத்தனை நாளைக்கு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தீர்மானிப்பது. வெளிப்படையாக அனுமதிக்கப்படாத எதுவும் மறுக்கப்பட்டதாகவே கொள்ளப்பட வேண்டும். இதற்கான வசதி இன்று விலை உயர்ந்த மென்பொருள்களில் மட்டும் இருப்பதல்ல. இலவசமாகக் கிடைக்கும் பல தரவுத்தளங்களிலும் இருக்கிறது. குறைவது அதைத் தீர்மானிக்க உட்காரும் நேரம்தான்.

தவறும் இடங்கள்

இது ஏதோ நமது ஊர்களின் அறியாமை என்று நினைக்க வேண்டியதில்லை. போர்த்துக்கலின் பரெய்ரோ நகர வைத்தியசாலை ஒன்றுக்கு 2018இல் 400,000 யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. அங்கே வேலைசெய்த வைத்தியர்கள் 296 பேர். ஆனால், கணினியில் வைத்தியருக்குரிய அனுமதியோடு 985 கணக்குகள் இருந்தன. வந்துபோன தற்காலிக வைத்தியர்களின் கணக்குகளே காரணம் என்று வைத்தியசாலை சொன்னது. விளக்கம் சரியாக இருந்தாலும், போனவர்களின் சாவிகள் திரும்பப் பெறப்படவில்லை என்பதையே அது ஒப்புக்கொள்கிறது.

அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள ஹாகா வைத்தியசாலைக்கு 460,000 யூரோ தண்டம். பிரபலமான ஒருவர் அங்கே சிகிச்சை பெற்றபோது, அவரோடு எந்தத் தொடர்புமில்லாத டசின் கணக்கான பணியாளர்கள் அவருடைய கோப்பைத் திறந்து பார்த்திருந்தார்கள். திறந்தவர்களின் பதிவேடு கணினியில் இருந்தது. ஆனால், அதை ஒழுங்காக எடுத்துப் பார்ப்பாரில்லை என்பதும் தண்டத்துக்கான காரணங்களில் ஒன்று.

நமக்கு மிக அருகிலுள்ள உதாரணம் இந்தியாவின் ஆதார். 2018 ஜனவரியில் ‘த டிரிபியூன்’ பத்திரிகையின் செய்தியாளர் இனந்தெரியாத முகவர் ஒருவருக்கு 500 ரூபா கொடுத்து, சில நிமிடங்களில் ஒரு நுழைவுக் கணக்கைப் பெற்றார். ஆதார் இலக்கத்தைக் கொடுத்தால் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், படம் ஆகியவற்றைக் காட்டும் கணக்கு அது. கைரேகைத் தரவு பாதுகாப்பாகவே இருக்கிறது என்று அதிகார சபை மறுத்தது. முறைப்பாடுகளைத் தீர்ப்பதற்காக வைத்திருந்த தேடல் வசதி தவறாகப் பயன்படுத்தப்பட்டதாகத் தெரிகிறது என்றும் அதுவே சொன்னது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. மக்களுக்கு உதவவென்று கொடுக்கப்பட்ட அனுமதியே விற்பனைக்குப் போயிருந்தது. வழக்கு பதிவானதோ செய்தியாளரின் பெயரையும் சேர்த்து.

இந்த மூன்றிலிருந்தும் விளங்குவது, ஆபத்து பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை என்பதே. மிதமிஞ்சிய அனுமதி, திரும்பப் பெறப்படாத அனுமதி, கண்காணிக்கப்படாத அனுமதி ஆகிய மூன்றும் உள்ளேயே இருக்கின்றன.

மென்பொருளின் எல்லை

இங்கே ஒரு நேர்மையான கேள்வியைக் கேட்டாக வேண்டும். எல்லா அனுமதிகளையும் ஒழுங்காக அமைத்துவிட்டால் நாம் பாதுகாப்பாகிவிடுவோமா?

2021 ஓகஸ்டில் தலிபான்கள் காபூலைக் கைப்பற்றியபோது, ஆப்கான் இராணுவத்தினருக்கும் பொலிசாருக்கும் சம்பளம் வழங்குவதற்காக உருவாக்கப்பட்ட தரவுத்தளமும் பின்னே விடப்பட்டது. சுமார் 5 இலட்சம் பேரின் பதிவுகள், ஒவ்வொருவரைப் பற்றியும் குறைந்தது 40 விபரங்கள் அதில் இருந்ததாக எம்.ஐ.டி. டெக்னோலொஜி ரிவியூ எழுதியது. அதே ஆண்டு ஜூனில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வேறொரு விடயத்தை வெளியிட்டது. பங்களாதேஷில் தஞ்சமடைந்த ரோஹிங்கியா அகதிகளிடம் ஐ.நா. அகதிகள் முகவரகம் திரட்டிய விபரங்கள் பங்களாதேஷ் அரசு ஊடாக மியன்மார் அரசுக்குப் போய்ச் சேர்ந்தன என்பதே அது. எந்த அரசிடமிருந்து அவர்கள் தப்பியோடினார்களோ அதே அரசு. பலருக்கு அது சரியாக விளக்கப்படவில்லை என்றது கண்காணிப்பகம். முகவரகம் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை.

இவ்விரு இடங்களிலும் அனுமதி அமைப்பில் பிழை நேர்ந்தது என்று சொல்ல முடியாது. அமைப்பின் உரிமையாளர் மாறினார், அல்லது உரிமையாளரே கொடுத்தார். வீட்டின் அறைகளுக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும், வீட்டுக்காரருக்கு எல்லாச் சாவியும் உண்டு. எனவே, நுணுக்கமான அனுமதி உள்ளே இருப்பவர்களின் ஆர்வத்தையும் அலட்சியத்தையும் ஊழலையும் தடுக்கும். அரசின் விருப்பத்தை அது தடுக்காது. அதைத் தடுப்பவை இரண்டு. ஒன்று, தேவையில்லாததைத் திரட்டாமலே விடுவது. மற்றையது, சட்டமும் சுயாதீனமான கண்காணிப்பும்.

இலங்கையின் நிலை

சட்டம் நம்மிடம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம், கைரேகை போன்றவற்றைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தரவுகளாக வகுக்கிறது. தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமையையும் ஒருவருக்குத் தருகிறது. சட்டத்தின் பிரதான பாகங்கள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன. வருவதற்கு முன்னரே பிற்போடப்பட்டன. தேசிய பாதுகாப்பு, பாதுகாப்புத்துறை, பொதுமக்கள் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்கான விதிவிலக்குகளும் அதே சட்டத்துக்குள் இருக்கின்றன. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த சமூகத்துக்கு, ‘தேசிய பாதுகாப்பு’ என்ற சொல் எவ்வளவு அகலமானது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கிடையில், இந்திய மானியத்தோடு தனித்துவ டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் முன்னெடுக்கப்படுகிறது. ஒரே இலக்கத்தின் கீழ் சேவைகள் இணைவதால் மக்களுக்கு நன்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் தொலைத்தவர்களுக்கு, தம்மை நிரூபிக்க ஓர் உறுதியான வழி தேவைதான். ஆனால், திட்டத்தைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ‘தரவு எந்த நாட்டின் கைக்குப் போகும்’ என்பதிலேயே நிற்கிறது. அந்தக் கேள்வி அவசியமானது. அதற்கு அடுத்த கேள்வி நமக்கு இன்னும் அவசியமானது: தரவு இந்த நாட்டுக்குள்ளேயே இருந்தாலும், எந்தத் திணைக்களத்தின் எந்த உத்தியோகத்தர் எந்தப் பகுதியைத் திறக்கலாம்? பிரதேச செயலகத்தில் ஓர் உதவிக் கொடுப்பனவுக்காகத் திறக்கப்படும் கோப்பைப் புலனாய்வுப் பிரிவும் திறக்குமா? திறந்தால் அது பதிவாகுமா? அந்தப் பதிவை நான் பார்க்கலாமா?

கடைசிக் கேள்வி கற்பனையல்ல. எஸ்தோனியாவில் ஒரு குடிமகன் அரசின் இணையத் தளத்துக்குள் நுழைந்து, தன்னுடைய விபரங்களை எந்த அரச நிறுவனம் எப்போது பார்த்தது என்பதைத் தானே பார்க்கலாம். எல்லாத் தரவுத்தளங்களும் அதில் அடங்காவிட்டாலும், காரணமில்லாமல் பார்த்தவர் கேள்விக்குள்ளாகக் கூடும் என்ற நிலை அங்கே உண்டு. டிஜிட்டல் மயமாக்கலுக்கு எஸ்தோனியாவை உதாரணம் காட்டுபவர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

தொழில்நுட்பத் திறன் பற்றிய கவலையும் உண்டு. 2023 ஓகஸ்டில் அரச மேகக் கணினி அமைப்பு கப்பம் கோரும் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சல் கணக்குகளில் 2023 மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. அந்தக் காலத்துக்கான காப்புப் பிரதி இருக்கவில்லை. அமைச்சரவையின் கடிதங்களைக் காப்பாற்ற முடியாத அமைப்பிடம் நமது கைரேகையைக் கொடுக்க முன், கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

பூட்டு யாருக்கு எதிராக?

அனுமதியைப் பற்றிப் பேசும்போது இன்னொரு பக்கத்தையும் மறக்கக் கூடாது. பூட்டுகள் பாதுகாப்பதற்கு மட்டுமல்ல, மறைப்பதற்கும் பயன்படும்.

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், இரகசியமாகத் தரப்பட்ட தகவலைப் பேண வேண்டும் என்றும், அத்தகைய தகவலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொருந்தாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. சாட்சி ஒருவர் பயமின்றிப் பேச அது தேவை. அதே சமயம், தன்னுடைய மகனின் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கும் தாய்க்கு ‘இரகசியம்’ என்று பதில் வந்தால், அந்தப் பூட்டு யாரைப் பாதுகாக்கிறது?

2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் உறவுகளைக் கையளித்தவர்கள், சரணடைந்தவர்களின் பட்டியலைத்தான் இத்தனை வருடமாகக் கேட்கிறார்கள். 2017 ஜூனில் யாழ்ப்பாணத்தில் அவர்களைச் சந்தித்த அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பட்டியலை வெளியிட உத்தரவிடுவதாக வாக்களித்தார். பட்டியல் வரவில்லை. கேட்டவர்கள்தான் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். வீதியோரக் கொட்டகைகளில் போராடும் தாய்மாரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் புலனாய்வாளர்களிடம் இருக்கின்றன. புலனாய்வாளர்களின் மேலதிகாரிகளிடம் இருக்கும் பட்டியல் தாய்மாரிடம் இல்லை. இந்த நாட்டின் அனுமதி அமைப்பை விளக்க இதைவிட வேறு வரைபடம் தேவையில்லை. மேலிருப்பவர் கீழே எல்லாவற்றையும் பார்க்கலாம், கீழிருப்பவர் மேலே எதையும் பார்க்க முடியாது.

ஆகவே, நமது கோரிக்கை ‘எல்லாவற்றையும் பூட்டுங்கள்’ என்பதாக இருக்க முடியாது. பாதிக்கப்பட்டவருக்குத் தன்னுடைய கோப்பைத் திறக்கும் உரிமையும், மற்றவர் திறந்தால் அதை அறியும் உரிமையும் வேண்டும் என்பதே அது.

நாமே தொடங்கக் கூடியவை

அரசிடம் இதைக் கேட்கும் நாம், நமது அமைப்புகளில் முதலில் செய்துகாட்ட வேண்டும். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

ஒவ்வொரு பணியாளருக்கும் தனிக் கணக்கு வேண்டும். பொதுக் கடவுச்சொல் இருக்கும்வரை யார் பார்த்தார் என்ற பதிவுக்கு அர்த்தமில்லை. ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற தெரிவை இன்றே நிறுத்துங்கள். பெயர், முகவரி ஒரு கோப்பிலும் சாட்சியம் இன்னொரு கோப்பிலும் இருக்கட்டும். இரண்டையும் இணைக்கும் இலக்கத்தை இரண்டொருவர் மட்டும் வைத்திருக்கட்டும். ஒரு பணியாளர் விலகும் நாளிலேயே அவருடைய அனுமதி நீக்கப்பட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுமதிப் பட்டியலை எடுத்து, ‘இவருக்கு இது இன்னும் தேவையா?’ என்று ஒவ்வொரு பெயராகக் கேளுங்கள். முழுக் கோப்பையும் தரவிறக்க இருவரின் சம்மதம் தேவை என்று வையுங்கள். கணினியை நிர்வகிக்கும் தொழில்நுட்பப் பணியாளர் சாட்சியத்தை வாசிக்க வேண்டியதில்லை, அவருடைய செயல்களையும் வேறொருவர் பார்க்கட்டும். முக்கியமாக, தேவையில்லாத கேள்வியைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். திரட்டாத விபரத்தை எவரும் திருடவும் முடியாது, கேட்டு வாங்கவும் முடியாது.

விபரம் கொடுக்கும் குடும்பங்களும் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இது எதற்கு? யார் பார்ப்பார்கள்? எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? நான் அழிக்கச் சொன்னால் அழிப்பீர்களா? பதில் சொல்லத் தெரியாதவரிடம் படத்தைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

முல்லைத்தீவு நிறுவனத்தில் பின்னர் சில மாற்றங்கள் நடந்தன. சுவரில் இருந்த தாள் கழற்றப்பட்டது. 11 பேரில் 3 பேர் மட்டுமே இப்போது சாட்சியங்களைத் திறக்கலாம். அந்த இளைஞர் அம்மாவின் வீட்டுக்குப் போய் அந்த மூவரும் யார் யார் என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். அம்மா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லையாம். மூன்று பெயர்களையும் ஒரு துண்டில் எழுதித் தரச்சொல்லி வாங்கி, மகனின் படமிருந்த பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டாராம்.